புரோக்கன் ஹில்லில் ஓர் இரவு

(மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் ஒரு கோயில் மண்டபத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மார்களே, வேலை முடிந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே இங்கு வந்திருக்கும் தோட்டத் தோழர்களே, அனைவருக்கும் வணக்கம்.

ஆஸ்திரேலியப் பயணத்தைப் பற்றிப் பேசுகிறேன் என்றதும் சிட்னிப் பாலத்தையும் மெல்பர்ன் கடைவீதியையும் எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். அவற்றை உங்கள் பேரப்பிள்ளைகளே கைப்பேசியில் காட்டிவிடுவார்கள். அடிலெய்டிலிருந்து சிட்னிக்குக் காரில் போகும் வழியில், படுத்து எழுந்து போவதற்காக மட்டும் நாங்கள் இறங்கிய புரோக்கன் ஹில் என்ற பாலைநிலச் சுரங்க நகரத்தைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். ஒரு பக்கம் பால்மரக் காடும் மறுபக்கம் ஈய லம்பமுமாக, அதாவது வெள்ளீயச் சுரங்கமுமாகப் பேராக்கில் வளர்ந்த நமக்கு, அந்தச் சிற்றூரில் கேட்டறிய வேண்டியது நிறைய இருக்கிறது.

அடிலெய்டிலிருந்து அது ஏறத்தாழ 510 கிலோமீட்டர். பர்ரா என்ற பழைய செம்புச் சுரங்க ஊரைத் தாண்டியதும் பயிர்நிலம் மெல்ல மெல்ல இல்லாமற்போய், சிவந்த மண்ணும் முழங்கால் உயரச் சாம்பல் நிறப் புதர்களுமே கண்ணுக்கெட்டிய தூரம்வரை தெரிகின்றன. யுண்டாவில் பெட்ரோல் நிரப்பிக்கொண்டு, அந்தி சாய்ந்தால் கங்காரு குறுக்கே பாயும் என்ற அச்சத்தில் பொழுதோடு ஊர்போய்ச் சேர்ந்தோம். அங்கே ஆண்டு முழுதும் பெய்யும் மழை 250 மில்லிமீட்டர் அளவுதான். நம் ஊரில் அடைமழைக் காலத்து ஒரே மாதம் அதைக் கொட்டிவிடும். குடிநீருக்காக மரே ஆற்றிலிருந்து 270 கிலோமீட்டர் நீளத்துக்குக் குழாய் பதித்திருக்கிறார்கள்.

அந்த ஊர் தோன்றிய கதை, வெள்ளீயம் தோண்டி வளர்ந்த நம் கிந்தா பள்ளத்தாக்குக்காரர்களுக்கு எளிதில் புரியும். 1883இல் ஆட்டுப் பண்ணை ஒன்றில் எல்லைவேலி பார்த்துவந்த சார்லஸ் ராஸ்ப் என்ற ஊழியர், கரிய பாறைமேடு ஒன்றில் வெள்ளீயம் இருப்பதாக எண்ணி நிலத்தைக் குறித்துவைத்தார். தோண்டத் தோண்டக் கிடைத்தவை வெள்ளியும் காரீயமும் துத்தநாகமும். 1885இல் அதற்கென்று தொடங்கப்பட்ட நிறுவனம்தான், இன்று உலகச் சுரங்கத் தொழிலில் பெரும்பெயராக நிற்கும் பிஎச்பி. தெருக்களுக்கும் ஆர்ஜென்ட், ஆக்சைட், குளோரைட், சல்பைட், அயோடைட் என்று தாதுக்களின் பெயர்களையே வைத்திருக்கிறார்கள். விடுதிக்கு வழி கேட்டபோது வேதியியல் வகுப்பில் உட்கார்ந்திருப்பது போலவே இருந்தது.

வீடுகளைப் பார்த்ததும் என் மனைவி, "இது நம்ம லயம் மாதிரியே இருக்குங்க" என்றார். தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளைத்தான் லயம் என்கிறோம். கூரை மட்டுமன்றிச் சுவரும் நெளிதகரம். முன்பக்கம் சிறு தாழ்வாரம். வெயில் ஏறினால் உள்ளே உட்கார முடியாத அனல். கம்பெனி வைத்ததே சட்டமாக இருந்த ஊரில் தொழிலாளர் எப்படி வாழ்ந்திருப்பார்கள் என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் அங்கே அவர்கள் அப்படியே இருந்துவிடவில்லை. 1892இலும் 1909இலும் போராடி, 1919 மே மாதம் தொடங்கிய வேலைநிறுத்தத்தில் ஏறத்தாழ 18 மாதம் தாக்குப்பிடித்து நின்று, வாரத்துக்கு 35 மணி நேர வேலையையும், தூசியால் நுரையீரல் கெட்டவர்களுக்கு இழப்பீட்டையும் 1920இல் பெற்றார்கள். 1954இல்தான் நம் நாட்டில் தோட்டத் தொழிலாளர் சங்கங்கள் ஒன்றிணைந்து தேசியச் சங்கமாயின என்பதை நினைத்துப்பார்த்தால், அது எவ்வளவு முந்திய வெற்றி என்பது விளங்கும். சல்பைட் தெருவில் அந்தத் தொழிற்சங்கங்கள் கட்டிய மாளிகை, நகர மன்றத்தையே தோற்கடிக்கும் அழகோடு இன்றும் நிற்கிறது. அதே சங்கங்களின் கூட்டமைப்பு, மணமான பெண்கள் ஊரில் வேலைக்குப் போகக்கூடாது என்று பல பத்தாண்டுகள் தடுத்துவைத்திருந்தது என்பதையும் சொல்லாவிட்டால் நான் பாதிக் கதை சொன்னவனாவேன்.

மறுநாள் விடியற்காலையில், புறப்படுமுன், ஊர் நடுவே மலைபோல் குவிந்திருக்கும் சுரங்கக் கழிவுமேட்டின் மீது ஏறினோம். அதன் உச்சியில் துருவேறிய இரும்புத் தகடுகளால் அமைந்த நினைவகம் ஒன்று இருக்கிறது. குறுகிய நடைபாதை வழியே உள்ளே நடந்தால், சுரங்கங்களில் உயிரிழந்த 800க்கு மேற்பட்டவர்களின் பெயர்கள் ஆண்டுவாரியாக இருபுறமும் வருகின்றன. பெயர்ப் பட்டியல் எந்த நாட்டிலும் உண்டு. இங்கே என்னை நிறுத்திவைத்தது பெயருக்குப் பக்கத்தில் எழுதியிருந்த சாவின் காரணம்தான். பாறை சரிந்து என்று ஒருவருக்கு, குழியில் விழுந்து என்று அடுத்தவருக்கு, வெடிவிபத்து என்று மற்றொருவருக்கு, காரீய நஞ்சு என்று இன்னொருவருக்கு. 'பணியின்போது இயற்கை எய்தினார்' என்று பூசி மெழுகும் அலுவலக மொழி அங்கே இல்லை. என் மூத்த மகன் வாய்விட்டுப் படிக்கத் தொடங்கி, ஒரு பலகையைத் தாண்டுமுன்னே நிறுத்திவிட்டான்.

ஊரின் வடபுறத்தில் இன்னொன்றும் பார்த்தோம். இரயில் எட்டாத இடங்களுக்கு ஒட்டகத்தில் சரக்கு ஏற்றிச் சென்றவர்கள் ஆப்கானிஸ்தானிலிருந்தும் அன்றைய இந்தியாவிலிருந்தும் வந்த ஒட்டகக்காரர்கள். அவர்கள் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தங்கள் முகாமில் நெளிதகரத்தாலேயே எழுப்பிய சிறு பள்ளிவாசல் இன்று அருங்காட்சியகமாக இருக்கிறது. நாங்கள் போனபோது பூட்டியிருந்ததால், வெளியில் நின்றே பார்த்தோம். கூலிக்குப் போன இடத்தில் கையில் கிடைத்த தகரத்தையும் பலகையையும் கொண்டு சாமிக்கு ஒரு கூரை போட்டவர்களின் வழிவந்தவர்கள் நாம். அந்தக் கட்டடத்தின் எளிமை நமக்கு அந்நியமானதன்று.

இனி நம் கதைக்கு வருகிறேன். ஒப்பந்தக் கூலி முறை 1910இல் ஒழிக்கப்படும் வரையிலும், அதன் பின் ஆள்சேர்க்கும் கங்காணிகள் அழைத்துவந்த காலத்திலும், காடழித்துத் தோட்டம் போட்டவர்களில் எத்தனையோ பேரை மலேரியா கொண்டுபோனது. ஜப்பானியர் காலத்தில் சயாம் பர்மா இரயில்பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்டுத் திரும்பி வராதவர்கள் இல்லாத தோட்டமே அரிது. இவர்களுக்கு எங்கே பெயர் எழுதிய சுவர்? தோட்டம் கைமாறி வீடமைப்புப் பகுதியாகும்போது இடுகாடும் மண்ணோடு மண்ணாகிறது. வயதானவர்களின் நினைவில் மட்டும் பெயர்கள் மிச்சமிருக்கின்றன, அதுவும் பெரும்பாலும் 'மூணாவது லயத்து முனியம்மா', 'ஸ்டோர்க்கார ராமசாமி' என்ற அளவில்.

கழிவுமேட்டின் மேல் நினைவகம் எழுப்ப நம்மிடம் பணம் இல்லை. நான் கேட்பதும் அதுவன்று. மண்டபத்தின் பின்புறம் ஒரு மேசையும் நீண்ட கணக்குப் புத்தகமும் வைத்திருக்கிறோம். பெயர், தகப்பனார் பெயர், தோட்டம், இறந்த ஆண்டு, காரணம் என்று ஐந்து பத்திகள் கோடிட்டிருக்கிறது. பாம்புக்கடி, மரம் முறிந்து விழுந்தது, பிரசவம், காய்ச்சல், சயாம் என்று எப்படிச் சொல்வீர்களோ அப்படியே எழுதச் சொல்லுங்கள். கோயில் பழைய வரவு செலவுக் கணக்கோ, தோட்ட ஆஸ்பத்திரிச் சீட்டோ, சம்பள அட்டையோ யார் வீட்டுப் பெட்டியிலாவது இருந்தால் அடுத்த வெள்ளிக்கிழமை பூசைக்கு வரும்போது கொண்டுவாருங்கள். படம் பிடித்துக்கொண்டு அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுவோம்.