ஒரே லைப்ரரி, உபுண்டுல கிடைக்குது, மேக்லயும் விண்டோஸ்லயும் ஏன் கிடைக்கல?

அடுத்த கேள்வி. "பைத்தான்ல சிடைப்ஸ் வச்சு லிப்சோடியம் லோடு பண்றேன் சார். ஃபைண்ட் லைப்ரரிக்கு 'சோடியம்'னு குடுத்தா உபுண்டுல பேர் வருது. ஃப்ரெண்டோட எம்1 மேக்லயும் விண்டோஸ்லயும் 'நன்' வருது. மூணுலயும் இன்ஸ்டால் ஆகித்தான் இருக்கு. ஏன்?"

சிடைப்ஸ்னா பைத்தான்ல இருந்து சி லைப்ரரிகளைக் கூப்பிடுற மாட்யூல், லிப்சோடியம் ஒரு என்கிரிப்ஷன் லைப்ரரி. ஃபைண்ட் லைப்ரரிங்கறது லைப்ரரி ஃபைலைத் தேடிக் குடுக்குற ஃபங்ஷன், கிடைக்கலைன்னா 'நன்', அதாவது ஒண்ணும் இல்லைன்னு சொல்லும். அந்த ஃபங்ஷனோட பேரு ஒண்ணுதாங்க, உள்ள மூணு ஓஎஸ்லயும் வேற வேற வேலை நடக்குது. லினக்ஸ்ல அது எல்டிகான்ஃபிக் (லைப்ரரி பட்டியல் பாக்கிறது), ஜிசிசி (சி கம்பைலர்) மாதிரி வெளி புரோகிராம்களை ஓட்டிக் கேட்டுப் பாக்கும். அதனாலதான் முழு பாத் வராம 'லிப்சோடியம் டாட் எஸ்ஓ டாட் 23'னு வெறும் பேர் மட்டும் வருது. ஜிசிசி இல்லாத ஆல்பைன்ங்கற குட்டி லினக்ஸ் கன்டெய்னர்ல இதே வரி கைவிட்டுரலாம், அதையும் ஞாபகம் வச்சுக்கோங்க.

விண்டோஸ் கதை சிரிப்பா இருக்கும். அங்க 'பாத்'ங்கற சிஸ்டம் வேரியபிள்ல இருக்கிற ஃபோல்டர் ஒவ்வொண்ணுலயும் 'சோடியம் டாட் டிஎல்எல்' இருக்கான்னு பாக்கும், அவ்வளவுதான். முன்னாடி 'லிப்' சேர்க்காது. உங்க ஃபைல் பேரு 'லிப்சோடியம் டாட் டிஎல்எல்'. எப்படிக் கிடைக்கும்? 'லிப்சோடியம்'னு குடுங்க, வரும். அந்த டிஎல்எல் இன்னொரு டிஎல்எல்லை நம்பி இருந்தா அதுல வேற தலைவலி. பைத்தான் 3.8ல இருந்து அந்த ரெண்டாவதை பாத்ல தேடாது, 'ஆட் டிஎல்எல் டைரக்டரி'ல ஃபோல்டரைச் சொல்லணும்.

மேக்ல, ஹோம்ப்ரூங்கற இன்ஸ்டால் டூல் இன்டெல் மெஷின்ல 'யூஎஸ்ஆர் லோக்கல்' கீழ வைக்கும், எம்1ல 'ஆப்ட் ஹோம்ப்ரூ' கீழ வைக்கும். முதலாவது வழக்கமா தேடுற இடம், ரெண்டாவது இல்ல. ஹோம்ப்ரூவோட சொந்த பைத்தான்னா கண்டுபிடிச்சுரும்; பைத்தான் டாட் ஆர்க்ல இருந்து இறக்கினதுன்னா 'நன்' வரலாம். சரி, நாமளே ஃபைல் இருக்கான்னு செக் பண்ணிக்கலாம்னு சிலர் கிளம்புவாங்க. 2020ல வந்த மேக்ஓஎஸ் பிக் சர்ல இருந்து சிஸ்டம் லைப்ரரிகளோட ஃபைலே டிஸ்க்ல இருக்காது, ஒரே கேஷுக்குள்ள கிடக்கும். செக் பண்ணா 'இல்ல'ம்பான், லோடு பண்ணா ஓடும்!

என்னைக் கேட்டா, அடுத்தவங்களுக்குக் குடுக்கப்போற கோடுல ஃபைண்ட் லைப்ரரியே வேண்டாம். பைத்தான் டாக்குமென்டேஷனே அப்படித்தான் சொல்லுது: பேரை டெவலப் பண்றப்பவே முடிவு பண்ணி எழுதிர்றது நல்லதா இருக்கலாம்னு. எந்த ஓஎஸ்னு சொல்லுற சிஸ் டாட் பிளாட்ஃபார்ம் பாத்து மூணு ஃபைல் பேர் வச்சுக்கோங்க. உபுண்டுல அந்த 23ஐ விட்டுராதீங்க. நம்பர் இல்லாத எஸ்ஓ ஃபைல் டெவலப்பர்களுக்கான டெவ் பேக்கேஜ்லதான் வரும், யூஸர் மெஷின்ல இருக்காது. மேக்குக்கும் விண்டோஸுக்கும் லைப்ரரியை உங்க பேக்கேஜ் ஃபோல்டர்லயே போட்டு, உங்க கோடு எங்க இருக்குன்னு சொல்லுற 'ஃபைல்' வேரியபிள்ல இருந்து முழு பாத் கட்டி லோடு பண்ணுங்க.