'வேண்டாம்' என்றொரு படம்

நேயர்களுக்கு வணக்கம்.

அறிவுசார் குறைபாடு உள்ள, பேச்சு வராத பெரியவர்களோடு பல வருடங்களாக வேலை செய்கிறேன். எங்கள் பகல்நேர மையத்துக்கு 34 வயதுத் தம்பி ஒருவர் வந்தார். சாப்பாட்டு வேளை வந்தாலே தட்டைத் தள்ளுவார், கன்னத்தில் அறைந்துகொள்வார். "இவனுக்குக் கோபம் ஜாஸ்தி டீச்சர்" என்பார் அவருடைய அம்மா. தனக்கு வேண்டியதைக் காட்டிச் சொல்ல அந்தத் தம்பியிடம் இருந்ததோ மூன்றே படங்கள்: தண்ணீர், சாப்பாடு, கழிப்பறை.

அவருடைய பல், காது, வயிறு எல்லாவற்றையும் போட்டோ எடுத்து, லேமினேட் செய்து, அட்டையில் ஒட்டினோம். எனக்குத் தலைவலி வரும்போது நானும் தலைப் படத்தைத் தொட்டுக் காட்டுவேன். நாம் பயன்படுத்தாத மொழியை அவர் எங்கே பார்த்துக் கற்பார்? மூன்றாவது வாரம், பல் படத்தைப் பிய்த்து என் உள்ளங்கையில் வைத்து அழுத்தினார். கடைவாய்ப் பல்லில் சொத்தை. எத்தனை நாள் வலியோ, நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை.

படத்தைக் கையில் கொடுத்துக் கேட்கும் இந்தப் பயிற்சியை 1985-இல் அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் ஆண்டி பாண்டி, லோரி ஃப்ராஸ்ட் இருவரும் உருவாக்கினார்கள். தொடக்கத்தில் "என்ன வேணும்?" என்று கேட்கவே கூடாது. பிடித்த பொருளைக் கண்ணில் படும்படி வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். படம் கைக்கு வந்த நொடியில் பொருளைக் கொடுத்துவிட வேண்டும். குழந்தைகளுக்காக வந்த முறைதான். ஆனாலும் பெரியவர்களும் கற்கிறார்கள். படம் கொடுத்தால் வரவேண்டிய பேச்சும் நின்றுவிடும் என்று பயப்படவே வேண்டாம், அப்படி ஆவதில்லை. கோட்டோவியம் சிலருக்குப் புரியாது. அவர்களுக்கு வீட்டு டம்ளரின் போட்டோ, அதுவும் புரியாவிட்டால் அந்த டம்ளரே போதும். சென்னையில் உருவான 'ஆவாஸ்' செயலியில் படத்தைத் தொட்டால் குரலும் வரும்.

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தகவல்தொடர்பு என்பதற்குள் இத்தகைய மாற்று வழிகளையும் சேர்த்திருக்கிறது. ஆனால் பல வீடுகளில் அட்டை பீரோவுக்குள் இருக்கிறது. நம் வாயை யாராவது பூட்டி வைப்பார்களா? அட்டை எப்போதும் அவர் கைக்கு எட்டவேண்டும்.

அப்புறம், அதில் 'வேண்டாம்' என்ற படம் கட்டாயம் இருக்கவேண்டும். அவர் அதைக் காட்டினால் நாம் கேட்கவும் வேண்டும். ஊசி, மாத்திரை மாதிரி விட முடியாதவை உண்டு. அப்போதும் "வேண்டாம்னு சொல்றீங்க, புரியுது" என்று சொல்லிவிட்டுத்தான் செய்யவேண்டும்.

பல் சரியான பிறகு ஒரு நாள், அந்தத் தம்பி உப்புமாத் தட்டின்மேல் 'வேண்டாம்' படத்தை வைத்தார். அம்மா என்னைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். தட்டை எடுத்துக்கொண்டு போய், இரண்டு இட்லி வைத்துக் கொண்டுவந்தார்.

வணக்கம்.