கூண்டு வண்டியும் மக்காச்சோளப் பொம்மையும்

நேயர்களுக்கு வணக்கம். அமெரிக்காவில் நெப்ராஸ்கா மாநிலத்தில் இருக்கிறோம். என் மகனுக்கும் மகளுக்கும் நான்தான் டீச்சர். ஹோம்ஸ்கூல் என்றால் ஊரிலிருந்து பேசும் சொந்தக்காரர்கள் இன்னும் பதறுகிறார்கள். இங்கே 50 மாநிலங்களிலும் அது சட்டப்படி செல்லும், விதிமுறைகள்தான் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். அந்தப் பேச்சு இன்றைக்கு வேண்டாம். மேற்கே போன முன்னோடிக் குடியேறிகளின் வாழ்க்கையைக் கைவேலை மூலம் சொல்லிக் கொடுப்பதைப் பற்றிப் பேசுகிறேன்.

முதலில் கொஞ்சம் வரலாறு. 1840-களிலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்கள் மிசௌரியிலிருந்து ஓரிகன் நோக்கி, சுமார் 2,000 மைல், கூண்டு வண்டியில் போனார்கள். 1862 மே மாதம் ஆபிரகாம் லிங்கன் ஹோம்ஸ்டெட் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். பதிவுக் கட்டணம் கட்டி, ஐந்து வருஷம் அங்கேயே குடியிருந்து பயிர் செய்தால் 160 ஏக்கர் அரசு நிலம் சொந்தம். கல்யாணமாகாத பெண்களும் விண்ணப்பிக்கலாம். 1869-ல் ரயில் பாதை கண்டத்தைக் கடந்ததும் கூண்டு வண்டியின் காலம் மெல்ல முடிந்தது.

இதைப் புத்தகத்தில் படித்தால் பத்து நிமிஷம். கைவேலை என்று தேடினால் ஒரே மதியத்தில் பத்துப் பொருள் செய்யச் சொல்வார்கள். ஐஸ்கிரீம் குச்சியில் வீடு, காகிதத்தில் வண்டி, பசை காய்ந்ததும் போட்டோ. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஒரே ஒரு வேலையை எடுங்கள், அலுத்துப் போகிற வரை செய்ய விடுங்கள். அந்த வாழ்க்கையின் பெரும்பகுதி அலுப்புதான். அதைக் கழித்துவிட்டால் மிச்சம் வேஷப்போட்டிதான்.

நாங்கள் வண்டியில் தொடங்கினோம். ஹால் தரையில் பத்தடிக்கு நாலடி டேப் ஒட்டினோம், ஏறக்குறைய அவ்வளவுதான் வண்டியின் உள்ளளவு. இரண்டாயிரம், இரண்டாயிரத்து ஐநூறு பவுண்டுக்கு மேல் ஏற்றினால் எருதுகள் தாங்காது. பெரியவர் ஒருவருக்கு மாவே 200 பவுண்ட் வரை கொண்டு போனார்கள். நாலு பேருக்கு எவ்வளவு என்று மகனைக் கணக்குப் போடச் சொன்னேன். 800. மூன்றில் ஒரு பங்கு மாவிலேயே போயிற்று. அப்புறம் பன்றி இறைச்சி, காப்பி, உப்பு, கலப்பை, கோடாலி. டேப்புக்குள் அடுக்கி முடித்ததும் மகள் கேட்டாள், “நாம எங்கே உட்காருவோம்?” உட்காரவில்லை, பெரும்பாலோர் நடந்தே போனார்கள். நாளுக்கு 15 மைல் போனால் நல்ல நாள்.

வெண்ணெய் சுலபம். ஹெவி க்ரீமை மூடி உள்ள பாட்டிலில் பாதி ஊற்றிக் குலுக்கச் சொல்லுங்கள். முதலில் நுரைக்கும், அப்புறம் கெட்டியாகி, குலுக்கினால் சத்தமே வராது. எல்லாக் குழந்தையும் அந்த இடத்தில்தான் நிறுத்தப் பார்க்கும். இன்னும் கொஞ்சம் குலுக்கினால் திடீரென்று மோர் தனியாக, வெண்ணெய் தனியாகப் பிரியும். தயிர் கடைந்து பழகிய நமக்கு, பாலாடையிலிருந்து நேரே வெண்ணெய் வருவது புதுசு. வழியில் போனவர்களுக்கு இந்த வேலையும் மிச்சம். காலையில் பாலை வாளியில் ஊற்றி வண்டியில் தொங்கவிட்டால், குலுங்கிய குலுக்கலில் சாயங்காலம் வெண்ணெய் திரண்டிருக்கும்.

எங்கள் வீட்டில் அதிக நேரம் பிடித்தது மெழுகுவத்திதான். அவர்கள் மாட்டுக் கொழுப்பை உருக்கினார்கள். அந்த நாற்றம் வேண்டாமென்று நாங்கள் தேன்மெழுகு வாங்கினோம். உயரமான தகர டப்பாவில் மெழுகைப் போட்டு, அதைக் கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் நிறுத்தி உருக்க வேண்டும். நேரடி நெருப்பில் வைக்கவே கூடாது, பற்றிக்கொள்ளும். திரியின் நுனியில் ஒரு சின்ன இரும்பு நட்டைக் கட்டினால் நேராகத் தொங்கும். முக்கி உடனே எடுக்க வேண்டும். உள்ளே நிறுத்தினால் முன்பு ஒட்டியதும் கரைந்து போகும். எடுத்ததும் ஆற வேண்டும். அதற்குள் பிள்ளை சாப்பாட்டு மேஜையை ஒரு சுற்றுச் சுற்றி வரட்டும். அடுத்த முக்கு, அடுத்த சுற்று. முதல் ஐந்தாறு முக்கில் ஒன்றும் நடக்காததுபோல் இருக்கும். விரல் கனம் வருவதற்குள் இருபது, முப்பது முறை முக்க வேண்டியிருக்கும்.

செய்ததை அலமாரியில் வைத்துவிடாதீர்கள். ராத்திரி எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு அந்த ஒரே வெளிச்சத்தில் வாய்ப்பாடு எழுதச் சொல்லுங்கள். என் மகன் முதலில் மெழுகுவத்தியைப் பக்கத்தில் இழுத்தான், அப்புறம் நோட்டைச் சாய்த்தான், கடைசியில், “நாளைக்குக் காலையிலே எழுதறேன்” என்றான். அந்தக் காலத்துப் பிள்ளைகளும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். ஒரு திருத்தம் மட்டும் சொல்லிவிடுகிறேன். 1860-களுக்குப் பிறகு மண்ணெண்ணெய் விளக்கு பரவலாக வந்துவிட்டது. கைவேலைப் புத்தகங்கள் நூறு வருஷத்தை ஒரே பானையில் போட்டுக் கிண்டுகின்றன.

சோப்பு வேண்டாம். சாம்பலை வடித்துக் காரம் எடுத்துக் கொழுப்போடு காய்ச்சுவது கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அந்தக் காரம் தோலை எரிக்கும், கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். வாயால் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

நெப்ராஸ்காவில் மரம் குறைவு. அதனால் புல்தரையை வேரோடு கட்டிகளாக வெட்டி எடுத்து வீடு கட்டினார்கள். ஒரு கட்டி மூன்றடி நீளம், ஓரடி அகலம், நாலு அங்குலக் கனம். ஒரு சாதாரண வீட்டுக்குச் சுமார் 3,000 கட்டி. மழை பெய்தால் கூரை ஒழுகும், பாம்பும் விழும். நாங்கள் கொல்லைப்புறத்தில் ஒரு கட்டி வெட்டிப் பார்த்தோம். தூக்கும்போதே உதிர்ந்துவிட்டது. இன்றைய லானின் வேர் மேலோட்டமானது. பழைய புல்வெளியின் வேர் பல அடி ஆழம் போய்ப் பின்னிக் கிடந்ததால்தான் மண்ணைச் சுவராக நிறுத்த முடிந்தது.

கடைசியாக மக்காச்சோளத் தோலில் பொம்மை. மெக்சிகன் மளிகைக் கடையில், டமாலே என்ற அவர்கள் பலகாரத்தைச் சுற்றி வேகவைக்க என்று காய்ந்த தோல் கட்டுக் கட்டாகக் கிடைக்கும். வெந்நீரில் ஊறவைத்தால் துணிபோல் மடங்கும். மடித்துத் தலைக்குக் கீழே நூலால் கட்டினால் கழுத்து, நடுவில் இன்னொரு தோலைச் சுருட்டிச் செருகினால் கை. மகள் முகம் வரையப் பேனா எடுத்தாள். தடுத்தேன். இது குடியேறிகளின் பொம்மை என்று புத்தகங்களில் வரும். அவர்களுக்கு முன்பே இதைச் செய்தவர்கள் கிழக்கே இருந்த ஹோடனஷோனி என்ற பூர்வகுடி மக்கள். அவர்கள் பொம்மைக்கு முகம் கிடையாது. தன் அழகைத் தண்ணீரில் பார்த்துப் பார்த்து வேலையை மறந்த பொம்மையின் முகத்தைப் படைத்தவர் எடுத்துவிட்டார் என்று கதை சொல்வார்கள்.

அங்கிருந்துதான் கேள்வி வந்தது: 160 ஏக்கர் இனாமாகக் கொடுத்தார்களே, அது யாருடையது? எங்கள் ஊருக்குத் தெற்கே பியாட்ரிஸ் நகரத்தருகே, ஹோம்ஸ்டெட் சட்டத்தின் முதல் விண்ணப்பங்களில் ஒன்றுக்குக் கிடைத்த நிலம் இன்று தேசிய வரலாற்றுப் பூங்கா. அந்தப் பக்கமெல்லாம் ஓட்டோ-மிசௌரியா என்ற பூர்வகுடி மக்களின் பூமி. 1854 ஒப்பந்தத்தில் அரசாங்கத்தார் அவர்களைப் பிக் புளூ ஆற்றோரம் ஒரு துண்டுக்குள் ஒடுக்கினார்கள். 1881-ல் அதையும் விட்டு ஓக்லஹோமாவுக்கு அனுப்பினார்கள். இன்றும் அங்கேதான் இருக்கிறார்கள். பூங்காவுக்குப் போகும் முன் இதை வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டினேன்.

தொடங்கப் போகிறவர்களுக்கு ஒரு யோசனை. நான் கடைசியில் செய்த பொம்மையை நீங்கள் முதலில் செய்யுங்கள். டேப்பும் வண்டியும் அதற்கப்புறம் வரட்டும். வாய்ப்புத் தந்த நிலையத்தாருக்கு நன்றி, வணக்கம்.