எட்டு போல்ட்டில் நிற்கும் கட்டில்

நேயர்களுக்கு வணக்கம். நான்கு கால்களும் ஆளுயரத்துக்கு மேலே போய் மேற்கட்டியைத் தாங்கி நிற்கும் கட்டிலை நம் பெரியவர்கள் சப்பரமஞ்சம் என்பார்கள். பழைய மரச்சாமான்களைச் செப்பனிடுவது என் தொழில். இங்கிலாந்தின் சப்பரமஞ்சங்கள் மேல் எனக்குத் தனிப் பிரியம்.

அங்கே பேர் பெற்றது வேர் பெருங்கட்டில். 1590 வாக்கில் ஓக் மரத்தில் செய்தது, அகலமே 3 மீட்டருக்கு மேல். வேர் என்ற ஊரின் விடுதிகளில் கிடந்தது. தங்கிப்போனவர்கள் தங்கள் பெயரெழுத்தை அதில் செதுக்கினார்கள், அரக்கு முத்திரை வைத்தார்கள். ஷேக்ஸ்பியரும் ஒரு நாடகத்தில் அதைச் சொல்லியிருக்கிறார். 1931 முதல் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

என் மனம் லயிப்பதென்னவோ 18-ஆம் நூற்றாண்டு மகோகனிக் கட்டில்களில்தான். முன்கால் இரண்டிலும் அழகான கடைசல் வேலை இருக்கும். தலைமாட்டுக் கால்கள் பெரும்பாலும் மொட்டையாக இருக்கும், திரைச்சீலை மறைத்துவிடும் அல்லவா! பார்த்தால் தேர் மாதிரி அசையாமல் நிற்கும். ஆனால் முழுக்கக் கழற்றி, வண்டியில் ஏற்றி, வேறு வீட்டில் பூட்டலாம்.

சட்டத்தின் முனையைக் கழுந்தாகச் சீவிக் காலிலுள்ள துளையில் செருகுவார்கள். பசை கிடையாது. காலின் வெளிப்புறத்திலிருந்து நீண்ட இரும்பு போல்ட் உள்ளே போய், சட்டத்துக்குள் புதைத்த நட்டைப் பிடித்துக்கொள்ளும். ஒவ்வொரு காலிலும் இரண்டு சட்டங்கள் சேருவதால், போல்ட்டுகள் முட்டிக்கொள்ளாமல் ஒன்றைச் சற்று மேலேயும் மற்றதைச் சற்றுக் கீழேயும் வைப்பார்கள். போல்ட்டின் தலையை ஒரு சிறு பித்தளை மூடி மறைக்கும். ஆக எட்டுப் பொருத்துகள். எதற்கு எது ஜோடி என்று தெரிய, இரண்டு பக்கமும் உளியால் ரோமன் எண்ணை வெட்டியிருப்பார்கள். நேர்க்கோடுகள்தானே, உளிக்குச் சுலபம்.

வறண்ட காலத்தில் மரம் சுருங்கும், கட்டில் ஆடும். மூடியை விலக்கி போல்ட்டை ஒரு சுற்று முறுக்கினால் போதும். தயவுசெய்து பசை மட்டும் ஊற்றாதீர்கள். அப்படி ஊற்றிய கட்டில் ஒன்று என்னிடம் வந்தது. ஒரு சட்டத்தைப் பிரிக்க நான்கு நாள் ஆயிற்று, கழுந்தில் பாதி உடைந்தே வந்தது. உடையாத பாதியில் பசையைச் சுரண்டிப் பார்த்தேன்: ஐந்தாம் எண், அந்தத் தச்சர் வெட்டிய கூர்மை மாறாமல் அப்படியே இருந்தது.