தலையணை நனைகிறதா?

வணக்கம் நேயர்களே. தலை ஆபரேஷன் வார்டில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். தலையில் கட்டோடு ஒருவர் ஆட்டோவில் போனால் வேலூரில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. 1949-இல் டாக்டர் ஜேக்கப் சாண்டி இங்கே சி.எம்.சி. ஆஸ்பத்திரியில் நாட்டிலேயே முதல் மூளை நரம்பு அறுவை சிகிச்சைத் துறையை ஆரம்பித்த ஊராச்சே. ஆனால் எத்தனை மணி நேரம், எவ்வளவு செலவு என்று கேட்கிறவர்கள், வீட்டுக்குப் போனபின் கிருமி தொற்றினால் எப்படித் தெரியும் என்று மட்டும் கேட்பதில்லை.

ஈரத்தைப் பாருங்கள். அதுதான் என் பேச்சு.

மூளையைச் சுற்றி 150 மில்லி அளவுக்குத் தெளிவான நீர் இருக்கிறது, உடம்பு தினமும் அரை லிட்டர் போலப் புதிதாகச் சுரந்துகொண்டே இருக்கும். மூளை உறையைத் தைத்த இடம் சரியாகக் கூடாவிட்டால் அந்த நீர் தையல் வழியாகவோ மூக்கு வழியாகவோ கசியும், அது வெளியே வருகிற வழியிலேயே கிருமி உள்ளே போய்விடும்.

குடியாத்தம் பக்கம் ஒரு நெசவாளி, கட்டியை எடுத்து நன்றாகத் தேறி வீட்டுக்குப் போனவர். ஒரு பக்க மூக்கில் மட்டும் தண்ணீர். சளி என்று நினைத்து வீட்டில் நொச்சி போட்டு ஆவி பிடிக்க வைத்திருக்கிறார்கள். (நொச்சி மேல் எனக்குக் கோபமில்லை, என் வீட்டு வேலியிலும் இருக்கிறது.) குனிந்தால் சொட்டுகிறது, தொண்டையில் இறங்கினால் உப்புக் கரிக்கிறது, துடைத்த துணி காய்ந்தால் சளி பட்டது போல மொடமொடப்பதில்லை. காலையில் தலையணை உறை நனைந்திருப்பதை மாமியார் கவனித்தார், ஆனால் பழி நம்ம ஊர் வெயில் மேல் போனது! கழுத்து விறைத்துப் பேச்சு குழறிய பிறகுதான் வேன் பிடித்தார்கள். முதுகில் ஊசி போட்டு எடுத்த நீர் அரிசி களைந்த தண்ணீராகக் கலங்கி இருந்தது. மூளைக்காய்ச்சல். பிழைத்தார், ஆனால் வாரக்கணக்கில் ஊசி. ரத்தத்தில் ஓடுவதையெல்லாம் மூளைக்குள் விடாத தடுப்பு ஒன்று இருக்கிறது, அது மருந்தையும் லேசில் விடாது.

ஆகவே தையல் ஈரமா, மூக்கு ஈரமா, தலையணை ஈரமா, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குச் சொல்லுங்கள். காய்ச்சல் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம், வீக்கத்துக்குக் கொடுக்கிற ஸ்டீராய்டு காய்ச்சலை அமுக்கி வைத்துவிடும். மெடிக்கலில் நீங்களாக ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டாலோ, அப்புறம் பரிசோதனையில் கிருமி பிடிபடாமலே போகலாம். தையல் மேல் மஞ்சள், விபூதி எதுவும் வேண்டாம் சாமி.

நேரமாகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். மூளையில் தேங்கும் நீரை வடிக்கத் தலையிலிருந்து வயிற்றுக்கு ஷண்ட் என்ற குழாய் வைத்த பிள்ளைகளைப் பற்றிச் சொல்ல நிறைய இருந்தது. ஒன்று மட்டும்: முதல் சில மாதங்களில் காய்ச்சல், வாந்தி, குழாய் போகிற வழியில் சிவப்பு, ஏன், வெறும் வயிற்றுவலி வந்தால்கூட ஷண்டைச் சந்தேகப்படுங்கள். ஆபரேஷனுக்காக வெட்டி எடுத்து மண்டையில் திருப்பி வைத்த எலும்பில் சீழ் பிடித்தால்? பெரும்பாலும் அதை எடுத்துவிட்டு, தொற்று அடங்கிய பிறகு, மாதங்கள் கழித்துத்தான் அந்த இடத்தை மூடுவார்கள். அதுவரை அந்தப் பக்கம் அடி படக்கூடாது, அந்தப் பக்கமாக ஒருக்களித்துப் படுக்கவும் கூடாது. நன்றி, வணக்கம்.