வெள்ளைப் பூவும் வெள்ளைக் காளானும்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

இன்று நான் ஒப்பிட எடுத்துக்கொண்டவை மோனோட்ரோபா யூனிஃபுளோரா என்னும் பூக்கும் செடியும், ருசுலா பிரெவிபெஸ் என்னும் காட்டுக் காளானும் ஆகும். இரண்டும் வெண்ணிறம், இரண்டும் மரநிழலில் இலைச்சருகை விலக்கிக்கொண்டு எழுபவை. செடியையும் காளான் என்றே எண்ணிக் கடந்துபோவது எளிது.

மண்டியிட்டு அருகில் பாருங்கள். ஏறத்தாழ ஒரு சாண் உயரமுள்ள தண்டில் செதில் போன்ற இலைகளும், நுனியில் தலைகவிழ்ந்த ஒரே ஒரு பூவும் இருக்கின்றன. இதழ்களை மெல்ல விலக்கினால் மகரந்தத்தாள்கள் தெரிகின்றன. அவற்றின் நடுவே சூலகம். வண்டுகள் வந்து மகரந்தம் சேர்த்துக் காய் பிடித்ததும், அதுவரை மண்ணைப் பார்த்திருந்த தலை நிமிர்ந்து வானத்தைப் பார்க்கிறது. நான் வியந்து நிற்பது இந்த இடத்தில்தான். காளானில் பூவும் இல்லை, காயும் இல்லை. குடைக்கு அடியில் உள்ள செவுள்களிலிருந்து வித்துகள் தூளாக உதிர்கின்றன. அதன் சதையை ஒடித்தால் சுண்ணக்கட்டி போல் படக்கென்று உடையும், ஏனெனில் அதில் நீண்ட இழைகளுக்கிடையே உருண்டைச் செல்கள் திரள்திரளாக உள்ளன. செடியின் செல்சுவர் செல்லுலோசால் ஆனது. காளானுடையதோ பூச்சிகளின் ஓட்டில் உள்ள கைட்டினால் ஆனது. உறவுமுறை பார்த்தால் காளான் செடிகளைவிட விலங்குகளுக்கே நெருக்கம்.

பச்சையமே இல்லாத இச்செடி எதை உண்டு வாழ்கிறது? மட்கிய இலைகளை உண்பதாகத்தான் நெடுங்காலம் கருதினர். உண்மையில் அதன் வேர்களை ருசுலா குடும்பத்துக் காளான்களின் இழைகள் போர்த்தியிருக்கின்றன. அவ்விழைகளே மரவேர்களையும் தழுவி, நீரும் தாதுக்களும் கொடுத்து, மரம் வெயிலில் சமைத்த சர்க்கரையைப் பெறுகின்றன. அந்தச் சர்க்கரையிலிருந்துதான் செடி தன் பங்கை எடுத்துக்கொள்கிறது. 1960ஆம் ஆண்டில் எரிக் பியோர்க்மான் என்னும் சுவீடன் நாட்டுத் தாவரவியலாளர் கதிரியக்கக் கார்பன் கலந்த சர்க்கரையை மரங்களில் செலுத்தி, அதே கார்பன் இதன் உறவுச் செடியான மோனோட்ரோபா ஹைப்போபிட்டிஸில் வந்து சேர்ந்ததைக் காட்டினார்.

ஆகவே காளானைக் கீழானது என்றும் பூவை மேலானது என்றும் தரம் பிரிக்கும் பழக்கத்தை நான் ஏற்பதில்லை. இங்கே பூவுக்குச் சோறு போடுவது காளான். அழகாக இருக்கிறதே என்று அச்செடியைப் பிடுங்கித் தொட்டியில் நட்டால், காளான் இழையும் மரவேரும் அறுந்துபோன பிறகு அதற்கு உணவு வரும் வழியே இல்லை; வெண்ணிறத் தண்டு கறுத்து வாடிவிடுகிறது.