யாருடைய கதையைச் சொல்லி நிதி திரட்டுகிறோம்?

(தொண்டு நிறுவனப் பணியாளர்களுக்கான பயிற்சிக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

நண்பர்களே, நன்கொடை கேட்கும் கலையைப் பற்றிப் பேசச் சொன்னீர்கள். வேலூர் சிஎம்சி (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) மருத்துவமனை எந்தக் கதையின் மேல் எழுந்தது என்று முதலில் பார்ப்போம்.

1890களின் தொடக்கம், திண்டிவனம். மிஷனரி மருத்துவர் ஜான் ஸ்கட்டரின் மகள் ஐடா, தாயின் உடல்நலம் குன்றியதால் அமெரிக்காவிலிருந்து வந்திருந்தார். இங்கேயே தங்கிவிடும் எண்ணம் அவருக்குத் துளியும் கிடையாது. ஓர் இரவு, ஒருவர் பின் ஒருவராக மூன்று ஆண்கள் வந்து கதவைத் தட்டினார்கள். மூவரின் மனைவியரும் பிரசவ வேதனையில் துடித்துக்கொண்டிருந்தார்கள். ஐடாவின் தந்தை வரத் தயாராக இருந்தார். அந்நிய ஆண் பிரசவம் பார்ப்பதா என்று மூவரும் திரும்பிப் போய்விட்டார்கள். பொழுது விடிந்தபோது அந்த மூன்று பெண்களும் உயிருடன் இல்லை.

ஐடா அமெரிக்கா சென்று மருத்துவம் படித்து 1899இல் பட்டம் பெற்றார். இந்தியா திரும்புமுன் மருத்துவமனைக்கு நிதி திரட்டும் பொறுப்பும் அவர் தலையில் விழுந்தது. நியூயார்க்கில் ஒரு வீட்டில் அவர் பேசிக்கொண்டிருந்தது, பக்கத்து அறையில் இருந்த ஷெல் என்ற வங்கியாளரின் காதில் விழுந்ததாகச் சொல்வார்கள். மறைந்த மனைவியின் நினைவாக அவர் 10,000 டாலர் கொடுத்தார். அவர் மனைவியின் பெயரில் மேரி டேபர் ஷெல் மருத்துவமனை 1902இல் வேலூரில் திறக்கப்பட்டது. அதுதான் பின்னர் சிஎம்சியாக வளர்ந்தது.

இந்தக் கதையில் ஐடா யாரையும் காப்பாற்றவில்லை, கவனித்தீர்களா? கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறார். வந்தவர்களும் பிச்சை கேட்டு வந்தவர்கள் அல்லர். ஒரு பெண் மருத்துவர் இல்லை, அவ்வளவுதான் குறை. பணம் எதற்கு என்று கேட்பவருக்குத் தனியாக விளக்க வேண்டியதே இல்லை. நம் துண்டறிக்கைகளில் இதைத்தான் காணோம். கண்ணீர் மூன்று பக்கம் ஓடும். பணம் எதற்கு என்பது கடைசி வரியில் வங்கிக் கணக்கு எண்ணுக்கு மேலே ஒட்டிக்கொண்டிருக்கும்.

ஒன்று மட்டும் எனக்கு உறுத்துகிறது. வழிவழியாகச் சொல்லப்படும் இந்தக் கதையில், இறந்த அந்த மூன்று பெண்களுக்கும் பெயர் இல்லை.

புள்ளிவிவரம் போட்டால் போதாதா என்று கேட்பீர்கள். 2007இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், கையில் 5 டாலர் பெற்றவர்களிடம் அதிலிருந்து நன்கொடை கேட்டார்கள். மாலி நாட்டுச் சிறுமி ரோக்கியாவைப் பற்றி மட்டும் படித்தவர்கள் சராசரியாக 2.38 டாலர் கொடுத்தார்கள். பஞ்சத்தின் புள்ளிவிவரம் மட்டும் படித்தவர்கள் 1.14. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தபோது 1.43தான். கதையோடு எண்ணிக்கை சேர்ந்ததும் கை சுருங்கிவிட்டது.

ஒரு முகத்துக்கு இவ்வளவு வலிமை என்றால், அந்த முகத்தை ஒப்பனை செய்யும் ஆசையும் வரும். 1870களில் லண்டனில் டாக்டர் பர்னார்டோ, ஆதரவற்ற பிள்ளைகளுக்காகத் தாம் நடத்திய இல்லத்தில் சேர்ந்த சிறுவர்களை 'முன்பு', 'பின்பு' என்று படம் எடுத்து அட்டைகளாக விற்றார். பிள்ளைகளை வேண்டுமென்றே கந்தலில் நிறுத்திப் படம் எடுத்ததாகப் புகார் கிளம்பியது. 1877இல் நடுவர் குழு விசாரித்தது. பெரும்பாலான குற்றச்சாட்டுகளிலிருந்து அவரை விடுவித்தாலும், அந்தப் படங்களை மட்டும் அவர்களால் ஏற்க முடியவில்லை.

பழைய கதை என்று தள்ளிவிடாதீர்கள். செருப்போடு நிற்கும் பிள்ளையிடம், "அதைக் கழற்றிவிட்டு நில்லு கண்ணு" என்று சொல்லிப் படம் எடுப்பவர்கள் நம்மிடையே இல்லையா? அந்தச் செருப்பை வாங்க அவள் அம்மா எத்தனை நாள் கூலியைச் சேர்த்தாளோ!

அறிக்கை அச்சுக்குப் போகுமுன் அதில் இடம்பெறும் பெண்ணிடம் அவருடைய பகுதியைத் தமிழில் முழுக்கப் படித்துக்காட்டுங்கள். கணவன் குடித்ததை எடுத்துவிடச் சொல்வார். பிள்ளை படித்துத் தேறியதைச் சேர்க்கச் சொல்வார். நன்கொடையாளரை உருக்கும் வரியாகவே இருந்தாலும் எடுத்துவிடுங்கள். இப்போது நாம் கைரேகை வாங்கும் ஒப்புதல் தாள் ஆங்கிலத்தில் இருக்கிறது. மதிய உணவுக்குப் பிறகு உட்கார்ந்து முதலில் அதைத் தமிழில் எழுதுவோம்.